ஹார்மோன் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எழும் கேள்விகள்

பாலியல் ஹார்மோன்களுக்கான ரத்தப் பரிசோதனையில் ஒரே ஒரு எண் தடித்த எழுத்தில் வந்துவிட்டால் போதும், அன்றைக்கு ராத்திரித் தூக்கம் போய்விடுகிறது. ஆனால் அந்த ரத்தம் மாதவிடாயின் எந்த நாளில், எத்தனை மணிக்கு, என்ன மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தது என்று தெரியாமல் அந்த எண்ணுக்கு அர்த்தமே சொல்ல முடியாது. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் இன்னும் பலருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது, அதனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைப் பதிலோடு இங்கே எழுதி வைக்கிறேன். டாக்டரைப் பார்ப்பதற்குப் பதிலாக இதைப் படிக்காதீர்கள், பார்க்கப் போவதற்கு முன்னால் படியுங்கள்.

பாலியல் ஹார்மோன் என்றால் எவை? ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்றுதானே?

ஈஸ்ட்ரோஜென், புரோஜெஸ்டிரோன், டெஸ்டோஸ்டிரோன் மூன்றும் முக்கியமானவை. முதல் இரண்டும் பெண்ணுக்கு, மூன்றாவது ஆணுக்கு என்பது பாதி உண்மைதான். மூன்றும் இரு பாலருக்கும் உண்டு, அளவுதான் வேறு. ஆணின் உடம்பில் டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பங்கு ஈஸ்ட்ரோஜெனாக மாறுகிறது, அவருடைய எலும்பு உறுதியாக இருக்க அது வேண்டும். பெண்ணின் சினைப்பையிலோ முதலில் டெஸ்டோஸ்டிரோன் வகை ஹார்மோன்கள் உருவாகி, அதிலிருந்துதான் ஈஸ்ட்ரோஜெனே வருகிறது.

இவற்றுக்கெல்லாம் மேலே மூளையிலிருந்து ஒரு கட்டளை வரிசை இருக்கிறது. ஹைபோதாலமஸ் என்ற பகுதி ஜிஎன்ஆர்ஹெச் என்ற ஹார்மோனை விட்டுவிட்டுச் சுரக்கிறது, அது பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது, பிட்யூட்டரி எஃப்எஸ்ஹெச், எல்ஹெச் என்ற இரண்டையும் அனுப்பி சினைப்பையையோ விரையையோ வேலை வாங்குகிறது. கீழே போதுமான ஹார்மோன் தயாரானதும் மேலே கட்டளை குறைகிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் ரிப்போர்ட்டில் பாதி புரிந்துவிடும். எஃப்எஸ்ஹெச் ஏறி ஈஸ்ட்ரோஜென் இறங்கியிருந்தால், மூளை கத்திக் கூப்பிடுகிறது, சினைப்பையால் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டுமே இறங்கியிருந்தால் மேலிருந்து கட்டளையே சரியாக வரவில்லை. இரண்டுக்கும் வைத்தியம் முற்றிலும் வேறு. (ஜிஎன்ஆர்ஹெச்சைப் பிரித்தெடுத்த கில்லமினுக்கும் ஷாலிக்கும், ரத்தத்தில் துளியளவே இருக்கும் ஹார்மோனை அளக்கும் முறையை உருவாக்கிய ரோசலின் யாலோவுக்கும் 1977ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்து கொடுத்தார்கள். இன்று லேப்பில் சர்வசாதாரணமாக நடக்கும் இந்த டெஸ்ட்டெல்லாம் அங்கிருந்து வளர்ந்ததுதான்.)

பெண்கள் ரத்தம் கொடுக்க எந்த நாள் சரி?

நன்றாக ரத்தப்போக்கு தொடங்கும் நாளை 1ஆம் நாள் என்று வையுங்கள், லேசான கறை பட்ட நாளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். எஃப்எஸ்ஹெச், எல்ஹெச், எஸ்ட்ராடியால் (ஈஸ்ட்ரோஜெனில் முக்கியமான வகை) மூன்றையும் 2 முதல் 5ஆம் நாளுக்குள் பார்ப்பது வழக்கம், அப்போதுதான் எல்லாம் அடித்தளத்தில் இருக்கும். அதே எஸ்ட்ராடியால் கருமுட்டை வெளிவரும் சமயத்தில் பல மடங்கு ஏறியிருக்கும், எல்ஹெச்சும் அப்படித்தான். 13ஆம் நாளில் எடுத்த ரிப்போர்ட்டை 3ஆம் நாளுக்கான அளவோடு ஒப்பிட்டால் ஆரோக்கியமான பெண்ணும் நோயாளியாகத்தான் தெரிவார்.

தைராய்டு, ஏஎம்ஹெச் (சினைப்பையின் சின்ன முட்டைப்பைகள் சுரக்கும் ஹார்மோன்) இரண்டையும் எந்த நாளிலும் பார்க்கலாம், பால் சுரக்க வைக்கும் ப்ரோலாக்டினும் அப்படியே. மாதவிடாயே வராமல் இருந்தால் முதலில் கர்ப்பமா என்று பார்த்துவிட்டு, அப்புறம் எந்த நாளில் வேண்டுமானாலும் எடுக்கலாம். கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு எஃப்எஸ்ஹெச், எல்ஹெச், எஸ்ட்ராடியால் டெஸ்ட்டால் பயனில்லை, மாத்திரையே அவற்றை அடக்கி வைத்திருக்கும்.

21ஆம் நாள் புரோஜெஸ்டிரோன் குறைவு, கருமுட்டை வெளிவரவில்லை என்கிறார்கள். உண்மையா?

உங்களுக்கு 28 நாளுக்கு ஒருமுறை பீரியட்ஸ் வந்தால் உண்மையாக இருக்கலாம், 35 நாளுக்கு ஒருமுறை வந்தால் பெரும்பாலும் அந்த டெஸ்ட்டே தப்பான நாளில் எடுக்கப்பட்டிருக்கிறது.

கருமுட்டை வெளிவந்தபின்தான் புரோஜெஸ்டிரோன் ஏறும், ஏறக்குறைய ஒரு வாரத்தில் உச்சத்தைத் தொடும், கருத்தரிக்காவிட்டால் இறங்கி, அடுத்த மாதவிடாய் வரும். ஆகவே பார்க்க வேண்டியது அடுத்த பீரியட்ஸுக்கு ஒரு வாரம் முன்னால். 28 நாள் சுழற்சியில் அது 21ஆம் நாளில் விழுகிறது, 35 நாள் சுழற்சியில் 28ஆம் நாளில் விழும். 35 நாள்காரர் 21ஆம் நாளில் ரத்தம் கொடுக்கிறார் என்றால் அன்றைக்குத்தான் அவருடைய கருமுட்டையே வெளிவந்துகொண்டிருக்கும், புரோஜெஸ்டிரோன் ஏறத் தொடங்கியிருக்கவே இருக்காது. அந்த ஒரு ரிப்போர்ட்டை வைத்து மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் வேதனை.

மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் கருமுட்டை வெளிவந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு மேல் 9 நல்லதா 16 நல்லதா என்று மனதைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம், இந்த ஹார்மோன் விட்டுவிட்டுச் சுரப்பது, ஒரே நாளில் சில மணி நேரத்துக்குள்ளேயே பெரிய அளவில் ஏறி இறங்கும்.

ஆண்கள் டெஸ்டோஸ்டிரோனை எப்போது பார்க்க வேண்டும்?

காலை 7 மணியிலிருந்து 10 மணிக்குள், வெறும் வயிற்றில். காலையில்தான் உச்சம், சாயங்காலம் இறங்கிவிடும், சாப்பிட்டாலும் சற்று இறங்கும். காய்ச்சல் வந்து எழுந்த வாரத்தில் எடுக்காதீர்கள். இரண்டு ராத்திரி தூங்காமல் வேலை பார்த்துவிட்டும் எடுக்காதீர்கள். முதல் தடவை குறைவாக வந்தால் இன்னொரு நாள் காலையில் மறுபடி எடுத்துப் பார்த்தபின்தான் எந்த முடிவும். அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் டெசிலிட்டருக்கு 300 நானோகிராம் என்று கோடு போட்டிருக்கிறது, வேறு அமைப்புகள் கொஞ்சம் முன்னே பின்னே சொல்கின்றன. எல்லாருமே ஒத்துப்போவது ஒன்றில்தான்: எண் குறைந்திருந்தால் மட்டும் போதாது, தொந்தரவும் இருக்க வேண்டும். ஆசை குறைவது, காலை விறைப்பு நின்றுபோவது போன்றவைதான் வலுவான அறிகுறிகள். சோர்வுக்கு ஆயிரம் காரணம் இருக்கும்.

ரிப்போர்ட்டில் அலகையும் பாருங்கள். சில லேப்பில் லிட்டருக்கு நானோமோல் என்று கொடுப்பார்கள், அதில் 10.4 என்று வந்தால் இதே 300தான், பயப்பட வேண்டாம்.

மொத்த டெஸ்டோஸ்டிரோன் சரியாக இருக்கிறது, தொந்தரவு மட்டும் போகவில்லையே?

ரத்தத்தில் இருக்கும் டெஸ்டோஸ்டிரோனில் பெரும்பகுதி புரதங்களோடு ஒட்டிக்கொண்டுதான் சுற்றுகிறது, தனியாகத் திரிவது ஏறக்குறைய 2 சதவீதம். ஒட்டி வைத்துக்கொள்ளும் புரதங்களில் எஸ்ஹெச்பிஜி இறுக்கமாகப் பிடிப்பது. வயது ஏறும்போதும் கல்லீரல் நோயிலும் தைராய்டு அதிகமாகச் சுரக்கும்போதும் அது கூடும். உடல் பருமன் இருந்தாலோ இன்சுலின் சரியாக வேலை செய்யாவிட்டாலோ குறையும். ஆகவே பருமனான ஒருவருக்கு மொத்த அளவு குறைவாகத் தெரிந்தாலும் தனியாக இருக்கும் பங்கு சரியாகவே இருக்கலாம், வயதானவருக்கு நேர்மாறாக. எல்லைக்கோட்டில் எண் நின்றால் எஸ்ஹெச்பிஜியையும் சேர்த்துப் பாருங்கள் என்று கேளுங்கள்.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறேன். அதற்கும் இதற்கும் என்ன?

நிறைய சம்பந்தம் இருக்கிறது, லேப்பில் இதை யாரும் கேட்பதில்லை என்பதுதான் கவலை. பல லேப் இயந்திரங்கள் அளப்பதற்கே பயோட்டினைப் பயன்படுத்துகின்றன, உங்கள் ரத்தத்திலும் அது ஏராளமாக இருந்தால் இயந்திரம் ஏமாந்துவிடும். டெஸ்டோஸ்டிரோன், எஸ்ட்ராடியால் போன்றவை பொய்யாக ஏறியும், டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்), எஃப்எஸ்ஹெச், எல்ஹெச் போன்றவை பொய்யாக இறங்கியும் வரலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இலேயே இதற்கு எச்சரிக்கை விட்டது. முடி, நகத்துக்கான மாத்திரைகளில் அன்றாடத் தேவையைப் போலப் பல நூறு மடங்கு இருக்கும். டெஸ்ட்டுக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் நிறுத்துங்கள். டாக்டர் வேறு நோய்க்காகப் பெரிய டோஸ் கொடுத்திருந்தால் மட்டும் அவரைக் கேட்டுவிட்டு.

ஏஎம்ஹெச் குறைவு. இனி குழந்தையே பிறக்காதா?

பிறக்கும். இந்த ஒரு டெஸ்ட் அழ வைத்த அளவுக்கு வேறெதுவும் பெண்களை அழ வைத்திருக்காது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஏஎம்ஹெச் என்பது சினைப்பையில் வளரத் தொடங்கியிருக்கும் சின்னச் சின்ன முட்டைப்பைகள் சுரப்பது. அவை நிறைய இருந்தால் எண் கூடும், வயதாக ஆகக் குறையும். செயற்கைக் கருத்தரிப்புக்காக ஊசி போட்டால் எத்தனை முட்டை கிடைக்கும் என்று கணிக்கவும், ஊசியின் டோஸை முடிவு செய்யவும் இது மிகவும் பயன்படுகிறது. ஆனால் முட்டையின் தரம் எப்படி என்று இது சொல்லாது, தரத்தைத் தீர்மானிப்பதில் வயதுக்குத்தான் பெரிய பங்கு. இயல்பாகக் கருத்தரிப்பதற்கு மாதம் ஒரு முட்டை போதும். 30 முதல் 44 வயது வரையுள்ள, அதற்குமுன் கருத்தரிப்புப் பிரச்சினை இல்லாத பெண்களை அமெரிக்காவில் பின்தொடர்ந்து பார்த்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஏஎம்ஹெச் குறைவாக இருந்தவர்களும் சாதாரணமாக இருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் கருத்தரித்தார்கள்.

அதற்காக அலட்சியமாகவும் இருந்துவிட வேண்டாம். 38 வயதில் ஏஎம்ஹெச் குறைவு என்றால் சிகிச்சையைத் தள்ளிப்போடாமல் இருக்க அது ஒரு நல்ல காரணம். 27 வயதில், கல்யாணமே ஆகாத பெண்ணுக்கு முழு உடல் பரிசோதனைப் பட்டியலில் யாரோ சேர்த்துவிட்டதால் எடுத்து, அந்த எண்ணை வைத்து வீடே பதறுவது தேவையில்லாதது. கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் இது தற்காலிகமாகக் குறையும்.

ஸ்கேனில் நீர்க்கட்டி என்று வந்திருக்கிறது. எனக்குப் பிசிஓஎஸ் என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைதானா?

ஸ்கேனை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மாதவிடாய் ஒழுங்கில்லாமல் வருவது, ஆண் ஹார்மோன் கூடியிருப்பது (ரத்தத்தில் தெரிந்தாலும் சரி, முகத்தில் முடி வளர்வதாகத் தெரிந்தாலும் சரி), ஸ்கேனில் முட்டைப்பைகள் அதிகமாக இருப்பது, இந்த மூன்றில் இரண்டு இருக்க வேண்டும், தைராய்டு, ப்ரோலாக்டின் போன்ற மற்ற காரணங்கள் இல்லை என்றும் பார்த்திருக்க வேண்டும். 2023 சர்வதேச வழிகாட்டுதல்படி, வளர்ந்த பெண்களுக்கு ஸ்கேனுக்குப் பதிலாக ஏஎம்ஹெச் கூடியிருப்பதையும் எடுத்துக்கொள்ளலாம். முதல் மாதவிடாய் வந்து 8 ஆண்டு ஆகாத பெண்களுக்கு ஸ்கேனை வைத்து இந்தப் பெயர் வைக்கவே கூடாது, அந்த வயதில் சினைப்பை அப்படித்தான் இருக்கும். ஸ்கேனில் தெரிபவை வளர்ச்சி பாதியில் நின்ற முட்டைப்பைகள், ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டிய கட்டிகள் கிடையாது.

உலக சுகாதார நிறுவனக் கணக்கில், கருத்தரிக்கும் வயதுப் பெண்களில் 10 முதல் 13 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. ஒல்லியாக இருப்பவர்களுக்கும் வரும். எடை கூடியவர்களுக்கு 5 சதவீதம் குறைந்தாலே பலருக்குச் சுழற்சி திரும்புகிறது. குழந்தை வேண்டுமென்றால் லெட்ரோசோல் மாத்திரைதான் முதலில் கொடுப்பது, நல்ல பலன் உண்டு. குழந்தை இப்போது வேண்டாம் என்பவர்கள் மூன்று மாதத்துக்கு மேல் பீரியட்ஸ் வராமலே விட்டுவிடக் கூடாது: புரோஜெஸ்டிரோன் இல்லாமல் ஈஸ்ட்ரோஜென் மட்டும் வருடக்கணக்கில் கர்ப்பப்பை உட்சுவரை வளர்த்துக்கொண்டே இருந்தால் பின்னாளில் புற்றுநோய் அபாயம் கூடுகிறது. சர்க்கரைப் பரிசோதனையும் தவறாமல் எடுக்க வேண்டும்.

ப்ரோலாக்டின் கொஞ்சம் கூடியிருக்கிறது. மூளையில் கட்டியா?

கொஞ்சம் கூடியிருந்தால் பெரும்பாலும் இல்லை. ஊசியைப் பார்த்துப் பயந்தாலே கூடும், உடற்பயிற்சி செய்துவிட்டு ஓடிவந்து ரத்தம் கொடுத்தாலும் கூடும். வாந்திக்குக் கொடுக்கும் டோம்பெரிடோன், மெட்டோகுளோபிரமைடு, மனநலத்துக்கான ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகள் நன்றாகவே ஏற்றிவிடும். தைராய்டு குறைவும் ஏற்றும். ஒருநாள் நிதானமாக உட்கார்ந்து மறுபடி எடுத்துப் பாருங்கள். அப்போதும் கூடுதலாக இருந்து, பால் சுரந்தாலோ மாதவிடாய் நின்றாலோ தலைவலியும் பார்வைக் குறைவும் இருந்தாலோ எம்ஆர்ஐ தேவைப்படும். கட்டியே இருந்தாலும் அநேகமாக எல்லாமே புற்றுநோய் இல்லாதவை, கேபர்கோலின் மாத்திரையிலேயே பெரும்பாலானவை சுருங்குகின்றன. மனநல மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எடையைக் குறைத்தேன், ஓட்டப் பயிற்சியும் செய்கிறேன். ஐந்து மாதமாக பீரியட்ஸ் இல்லை, எல்லா ஹார்மோனும் குறைவு. நல்லதுதானே, தொல்லை விட்டது?

நல்லதில்லை. உடம்புக்கு வரும் சாப்பாடு செலவுக்குப் போதவில்லை என்றால் மூளை இனப்பெருக்க வேலையைத்தான் முதலில் நிறுத்தி வைக்கும். எஃப்எஸ்ஹெச், எல்ஹெச், எஸ்ட்ராடியால் மூன்றும் சேர்ந்து இறங்கியிருப்பது அதைத்தான் காட்டுகிறது. ஈஸ்ட்ரோஜென் இல்லாத ஒவ்வொரு மாதமும் எலும்பு தேய்கிறது, இளம் வயதிலேயே எலும்பில் விரிசல் விழும் ஓட்டக்காரர்கள் உண்டு. இதற்கு முதல் மருந்து சாப்பாடு, அப்புறம் பயிற்சியைக் குறைப்பது. மாத்திரை கொடுத்து ரத்தப்போக்கை வரவழைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். மனஉளைச்சலாலும் இதே நிலை வரலாம்.

சோர்வாக இருக்கிறது என்று ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடச் சொல்கிறார்கள். குழந்தைக்கும் முயற்சி செய்கிறோம். விந்தணுவும் கூடும்தானே?

கூடாது, குறையும். பலருக்கு பூஜ்யமாகவே ஆகிவிடும்.

விந்தணு தயாராக வேண்டுமென்றால் விரைக்குள்ளே டெஸ்டோஸ்டிரோன் அளவு ரத்தத்தில் இருப்பதைப் போலப் பல மடங்கு இருக்க வேண்டும். அவ்வளவையும் விரையே, எல்ஹெச்சின் கட்டளைப்படி, அங்கேயே தயாரித்துக்கொள்கிறது. வெளியிலிருந்து ஊசியோ ஜெல்லோ வந்ததும் ரத்தத்தில் அளவு போதும் என்று மூளை கண்டு எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் இரண்டையும் நிறுத்திவிடுகிறது. ரத்த ரிப்போர்ட்டில் டெஸ்டோஸ்டிரோன் 800 என்று பிரமாதமாக இருக்கும், விரைக்குள்ளோ வறட்சி, விந்துப் பரிசோதனையில் விந்தணுவே இல்லை என்று வரும், விரையும் சுருங்கும். உலக சுகாதார நிறுவனமே இந்த ஊசியை வாராவாரம் போட்டு ஆண்களுக்கான கருத்தடையாகப் பரிசோதித்து 1990இல் முடிவுகளை வெளியிட்டது என்றால் புரிந்துகொள்ளுங்கள்.

ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் நம்பிக்கை இழக்க வேண்டாம். நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 மாதத்துக்குள் விந்தணு திரும்புகிறது, சிலருக்கு இரண்டு ஆண்டுகூட ஆகலாம். குழந்தை வேண்டும், டெஸ்டோஸ்டிரோனும் உண்மையிலேயே குறைவு என்பவர்களுக்கு க்ளோமிஃபீன், எச்சிஜி போன்ற மருந்துகளால் உடம்பையே தயாரிக்க வைக்கும் வழி இருக்கிறது. அதைத் தெரிந்த டாக்டரிடம் போங்கள். ஊசியை எழுதுவதற்கு முன் "இன்னும் குழந்தை வேண்டுமா?" என்று கேட்காத இடத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

சுய இன்பத்தால் டெஸ்டோஸ்டிரோன் குறையுமா?

குறையாது. விந்து தயாராகிக்கொண்டே இருப்பது, சேர்த்து வைத்தால் பலம் கூடுவதும் இல்லை. இந்தப் பயத்தைக் காட்டி லேகியமும் மாத்திரையும் விற்பவர்களிடம் இளைஞர்கள் இழக்கும் காசும் நிம்மதியும் கொஞ்சநஞ்சமில்லை.

சோயா சாப்பிட்டால் ஆண்மை குறையும் என்கிறார்களே?

ஆய்வுகளை மொத்தமாகச் சேர்த்துப் பார்த்ததில் ஆண்களின் டெஸ்டோஸ்டிரோனில் மாற்றம் தெரியவில்லை. தூக்கத்தைக் கவனியுங்கள், அது இதைவிட முக்கியம்: ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு வாரம் ராத்திரி 5 மணி நேரம் மட்டும் தூங்க வைத்தபோது பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் குறைந்தது என்று 2011இல் வந்த ஆய்வு காட்டியது.

ஹார்மோன் எல்லாம் நார்மல், ஆனால் கரு தங்கவில்லை. ஏன்?

ஹார்மோன் மட்டும் போதாது. கருக்குழாய் திறந்திருக்க வேண்டும், விந்தணு சரியாக இருக்க வேண்டும், சேரும் நாள் பொருந்த வேண்டும். வெளிவந்த கருமுட்டை ஒரு நாள்தான் தாக்குப்பிடிக்கும், விந்தணு ஐந்து நாள் வரை உள்ளே உயிரோடு இருக்கும், அதனால் கருமுட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும்தான் வாய்ப்புள்ள நாட்கள்.

தயவுசெய்து கணவரின் விந்துப் பரிசோதனையை முதலிலேயே எடுங்கள். மனைவிக்கு ஆறு மாதம் ஊசி, மாத்திரை, ஸ்கேன் எல்லாம் முடிந்தபின் கடைசியில் கணவரை டெஸ்ட்டுக்கு அனுப்புவது அநியாயம், வலியில்லாத, எளிமையான டெஸ்ட் அதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ்வரம்பு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி, அசைபவை 42 சதவீதம், வடிவம் சரியானவை 4 சதவீதம். ஆமாம், வெறும் 4தான், ஆகவே "வடிவம் 5 சதவீதம்" என்று வந்தால் இடிந்துபோக வேண்டாம். விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆவதால், புகையை விட்டாலும் மருந்து தொடங்கினாலும் மூன்று மாதம் கழித்துத்தான் மறு டெஸ்ட்.

35 வயதுக்குக் கீழே உள்ள பெண் என்றால் ஒரு வருடம் முயற்சி செய்துவிட்டு டாக்டரைப் பாருங்கள், அதற்கு மேல் என்றால் ஆறு மாதம், மாதவிடாயே ஒழுங்கில்லை என்றால் காத்திருக்கவே வேண்டாம். உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையாவது இந்தப் பிரச்சினையைச் சந்திக்கிறார்.

கருத்தடை மாத்திரையால் பின்னால் குழந்தை இல்லாமல் போகுமா?

போகாது. நிறுத்தி ஒரு வருடத்துக்குள் மற்றவர்களைப் போலவே கருத்தரிக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசிக்கு மட்டும், நிறுத்தியபின் கருமுட்டை வெளிவரச் சில மாதம் கூடுதலாக ஆகும்.

36 வயதில் எஃப்எஸ்ஹெச் 40 என்று வந்திருக்கிறது. மெனோபாஸ் ஆகிவிட்டதா?

40 வயதுக்கு முன் மாதவிடாய் நின்றோ தாறுமாறாகவோ ஆகி, எஃப்எஸ்ஹெச் 25க்கு மேல் இருந்தால் சினைப்பை முன்கூட்டியே தளர்ந்திருக்கிறது என்கிறார்கள். இது முழு மெனோபாஸ் மாதிரி இல்லை, இடையிடையே கருமுட்டை வெளிவரலாம், 5 முதல் 10 சதவீதம் பேர் தானாகவே கருத்தரிக்கிறார்கள். இதில் பலர் கவனிக்காமல் விடுவது ஹார்மோன் சிகிச்சையை. வயதானவர்களுக்கு ஹார்மோன் மாத்திரை பற்றிச் சொல்லும் எச்சரிக்கையைக் கேட்டுவிட்டு இளம்பெண்கள் வேண்டாம் என்கிறார்கள். உங்கள் வயதில் உடம்பில் இருந்திருக்க வேண்டிய ஈஸ்ட்ரோஜெனைத்தான் திருப்பிக் கொடுக்கிறார்கள், தடுக்கும் காரணம் வேறு எதுவும் இல்லாவிட்டால் எலும்புக்காகவும் இதயத்துக்காகவும் ஏறக்குறைய 50 வயது வரை எடுப்பது நல்லது.

47 வயது, உடம்பெல்லாம் திடீர் திடீரெனச் சூடாகிறது, பீரியட்ஸ் தள்ளிப்போகிறது. ஹார்மோன் டெஸ்ட் எடுக்கவா?

தேவையில்லை. 45 வயதுக்கு மேல் இந்த அறிகுறிகளே போதும், இந்தச் சமயத்தில் எஃப்எஸ்ஹெச் இன்றைக்கு 60 இருக்கும், அடுத்த மாதம் 9 இருக்கும். தைராய்டை மட்டும் பார்க்கலாம். கருத்தடையை இன்னும் நிறுத்த வேண்டாம். மாதவிடாய் முழுதாக ஒரு வருடம் நின்றபின் ஒரு துளி ரத்தம் பட்டாலும் அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள், அதற்கு ஹார்மோன் டெஸ்ட் போதாது, ஸ்கேனில் கர்ப்பப்பை உட்சுவரின் தடிமனைப் பார்க்க வேண்டும்.